குலுக்கல் மேடம் தோற்ற கதை

என் மனைவி தோற்றுப்போனதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். மனைவி ஜெயித்ததைச் சொல்லி அலட்டிக்கொள்கிற கணவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள், இது அவர்களுக்குப் புதுசு. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கட்டும், எப்படி வேண்டுமானாலும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். அவள் மூன்றாவது மாடியில் பாடம் நடத்துகிறாள். நான் தரைத்தளத்தில் இருக்கும் அரங்கில் மைக், ஸ்பீக்கர், புரொஜெக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். அரங்கின் பின்பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை என்னுடையது. அதற்குள் உட்கார்ந்தால் எல்லோர் குரலும் எனக்குக் கேட்கும், என் குரல் யாருக்கும் கேட்காது. வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

எலி, முயல் இவற்றை வைத்து மருந்து, காயம், நோய் என்று ஆராய்ச்சி செய்கிற முனைவர் பட்ட மாணவர்களுக்குச் சோதனையைத் திட்டமிடச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. எத்தனை விலங்கு வேண்டும், எதற்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர், யார் அளப்பது, அளக்கிறவருக்கு எது மருந்து தின்ற எலி என்று தெரியலாமா கூடாதா, கடைசியில் வருகிற எண்களை என்ன செய்வது, இத்தனையும் ஒரு எலியைத் தொடுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும் என்பாள். புள்ளியியல் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆகாது. ஆனால் இவளோடு குடும்பம் நடத்தினால் சுவருக்குக்கூட நாலு விஷயம் தெரிந்துவிடும்.

அவள் மேஜை மேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே எண் எழுதி மடித்த சீட்டுகள். எந்த எலி எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதை மாணவர் முடிவு செய்யக் கூடாது, சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டரே இதைச் செய்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் முதல் வாரத்தில் டின்னைக் குலுக்கித்தான் ஆரம்பிப்பாள். "கையால குலுக்கினாத்தான் மனசுல தங்கும்" என்பாள். அதனால் நிறுவனத்தில் அவளுக்குக் குலுக்கல் மேடம் என்று பெயர். இயக்குநரே ஒரு முறை வாய் தவறி மேடையில் அப்படிச் சொல்லிவிட்டார்.

வீட்டிலும் ஒரு டின் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் பாத்திரம் கழுவுவது என்பதற்கு. நான், அவள், எங்கள் மகள், மூன்று சீட்டு. எனக்கே அதிகம் விழுகிறது என்று ஒரு நாள் புகார் சொன்னேன். "எத்தனை தடவை விழுந்துச்சு, எத்தனை தடவை விழலன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றாள். இல்லை. "அப்ப அது புகார் இல்ல, புலம்பல்" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெற்ற பிள்ளையும் அந்தக் கட்சிதான்.

என் தலைமுடி கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். முடி கொட்ட ஆரம்பித்தபோது விளம்பரம் பார்த்து ஒரு தைலம் வாங்கிவந்தேன். அவள் ஒரு நாணயத்தைச் சுண்டினாள். தலை விழுந்தால் இடது பக்கம், பூ விழுந்தால் வலது பக்கம். என்ன விழுந்தது என்று எனக்குக் காட்டவில்லை. "இந்தப் பாட்டில் வலது பக்கத்துக்கு, அது இடது பக்கத்துக்கு. ஒண்ணுல தைலம், இன்னொண்ணுல சாதாரண எண்ணெய். பாட்டில் மேல இருந்த பேரை நான் கிழிச்சுட்டேன். எது எதுன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா கண்ணாடியில இல்லாத முடியெல்லாம் தெரியும்." பாட்டில் காலியாகும் வரை தேய்த்தேன். இன்றைக்கும் என் தலையில் இரண்டு பக்கமும் சரிசமமாகத்தான் முடி இல்லை.

இவ்வளவு கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அவள் இந்த வகுப்பை ஆரம்பித்தது வேடிக்கைக்கு இல்லை. அவள் இங்கே சேர்ந்த புதிதில் வகுப்பே கிடையாது. இரண்டாவது மாடி அலுவலகத்தில் ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மாணவர்கள் சோதனை எல்லாம் முடித்துவிட்டு எண்களைக் கொண்டுவந்து போடுவார்கள், இவள் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் ஒரு பையன் ஈரல் நோய்க்கான மருந்து என்று ஒரு கட்டுத் தாளோடு வந்தான். மருந்து கொடுத்த எலிகள் எல்லாம் அருமையாகத் தேறியிருந்தன. இவள் சும்மா இருக்காமல் கூண்டுகளைப் பார்க்க வேண்டும் என்று விலங்கு அறைக்குப் போனாள். காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, மரத்தூள் வாசனை. மருந்து கொடுத்த எலிகளின் கூண்டுகள் எல்லாம் நடுத் தட்டில், வெதுவெதுப்பாக. மருந்து கொடுக்காதவை எல்லாம் கீழ்த் தட்டில், கதவை ஒட்டி. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் காற்று அவற்றின் மேல்தான் அடித்தது.

"இது மருந்தால தேறுச்சா, தட்டால தேறுச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

பையன் விழித்திருக்கிறான். "அப்ப திரும்பவும் செய்யணுமா மேடம்?"

"அந்த எலிங்க?"

"அதெல்லாம் முடிஞ்சிருச்சு மேடம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. "முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. அத்தனை உசுரு. நாளைக்கு ஒரு நோயாளிக்கு உதவும்னா மனசைத் தேத்திக்கலாம். ஒண்ணுத்துக்கும் உதவல. அந்தப் பையனைத் திட்டவும் முடியல, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கலயே" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. மறுநாள் அப்போதிருந்த இயக்குநரின் அறை வாசலில் போய் நின்றாள். வகுப்பு அப்படிப் பிறந்தது. விருப்பம் இருக்கிறவர்கள் வரலாம் என்று அனுமதித்தார்கள். வந்தார்கள், வருஷத்துக்கு வருஷம் அதிகமாக வந்தார்கள்.

வகுப்பில் அவளுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. புரொஜெக்டர் மாட்டப் போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன், எனக்கே மனப்பாடம். ஒரு மாணவி காயத்துக்குக் களிம்பு கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு எலி. சீட்டுக் குலுக்கி ஒன்றுக்குக் களிம்பு தடவினாள், இன்னொன்றுக்கு வெறும் வாசலின். குலுக்கல் எல்லாம் சரி, அளந்ததும் சரி. கடைசியில் இரண்டு எலிகளுக்கும் ஒரே மாதிரி ஆறியிருந்தது. களிம்பு வேலை செய்யவில்லை என்று எழுதிவிட்டாள். நல்ல வேளை, விலங்கு அறை மருத்துவர் ஒரு நாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். எலிகள் ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்தன. இதன் மேல் இருந்த களிம்பு அதற்கும், அதன் மேல் இருந்தது இதற்கும் போய்க்கொண்டிருந்தது. "களிம்பு வேலை செய்யாம இல்ல. ரெண்டு பேருக்கும் வேலை செஞ்சுச்சு. ஒரே கூண்டுல இருக்கிறதை ரெண்டுன்னு எண்ணாதீங்க" என்று முடிப்பாள். மாணவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது இயக்குநர் வந்தார். அவருக்குக் கத்தரி என்று பெயர். வந்த மாதமே கூட்டங்களில் டீயை வெட்டினார், பிறகு கூட்டங்களையே வெட்டினார். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஒரு பருவம் முழுக்க பசங்க லேபை விட்டுட்டு உங்க வகுப்புல உட்கார்றாங்கன்னு பேராசிரியர்கள் எல்லாம் குறை சொல்றாங்க. கணக்குப் போட இப்ப சாஃப்ட்வேர் இருக்கு. இந்த வகுப்பால என்ன பிரயோஜனம்னு ஆதாரம் காட்டுங்க. இல்லேன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து கிடையாது. நீங்க பழைய இடத்துக்கே போயிடலாம்."

பழைய இடம் என்றால் அந்த ஜன்னல் இல்லாத மூலை. எல்லாம் முடிந்த பிறகு எண்களோடு வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் நாற்காலி.

துணை இயக்குநர் அம்மா நல்ல மனுஷி. இவளைத் தனியாகக் கூப்பிட்டு வழி சொன்னார். வகுப்புக்கு வந்தவர்களின் திட்டங்களை விலங்கு நலக் குழு உடனே ஏற்றுக்கொள்கிறது, வராதவர்களுடையது திரும்பித் திரும்பி வருகிறது. அலுவலகத்திலேயே அந்தப் புள்ளிவிவரம் இருக்கிறது. ஒரு படம் போட்டுக் காட்டினால் கத்தரியின் வாய் அடைத்துவிடும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்?

"அது செல்லாதுங்க" என்றாள் வீட்டுக்கு வந்து. "என் வகுப்புக்கு வந்தவங்க தானா வந்தவங்க. அக்கறை இருக்கிறவங்க. அவங்க வகுப்பு இல்லாட்டியும் நல்லாத்தான் செஞ்சிருப்பாங்க. அக்கறையோட பலனை நான் என் பலன்னு காட்டிக்கக் கூடாது."

"அது உனக்குத் தெரியும். கத்தரிக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

எனக்கு வந்ததே கோபம். "கையில கொண்டுவந்து குடுக்கிறாங்க, அதைப் போய்த் தட்டி விடறியே! வகுப்பு போனா உன் கொள்கை வந்து உட்காருமா அந்த மூலையில?" என்று கத்தினேன். மகள் டிவி சத்தத்தைக் குறைத்தாள், சண்டையைச் சரியாகக் கேட்க. இவள் அமைதியாகத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "நானும் குலுக்கப் போறேன்" என்றாள்.

அதேபோலச் செய்தாள். அந்த வருஷம் சேர்ந்த மாணவர்கள் எல்லோரையும் அரங்குக்குக் கூப்பிட்டாள். பிஸ்கட் டின்னைக் குலுக்கினாள். பாதிப் பேருக்கு நீலச் சீட்டு, இந்தப் பருவமே வகுப்பு. பாதிப் பேருக்குப் பச்சைச் சீட்டு, அடுத்த பருவம்தான் வகுப்பு. பருவக் கடைசியில் எல்லோரும் ஒரே பிரச்சினைக்கு ஒரு சோதனைத் திட்டம் எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் மூன்று பேர் மதிப்பெண் போடுவார்கள். திட்டங்களில் பெயர் இருக்காது, நிறமும் இருக்காது. எது யாருடையது என்பது எங்கள் நூலகருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாத மனிதர், சரியான ஆள். நீலத்துக்காரர்கள் வகுப்புக் குறிப்புகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தாள்.

"நீ உனக்கே குழி வெட்டறே" என்றேன்.

"குழியா படியான்னு வெட்டினாத்தான் தெரியும்" என்றாள். அந்தத் தைரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. வாழ்க்கையையே சீட்டுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

முடிவு சொல்லும் நாள் வந்தது. அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் கத்தரி. மாணவர்கள் பின்னால். நான் என் கண்ணாடி அறையில், வழக்கம்போல எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு. மதிப்பெண்கள் திரையில் வந்தன. இரண்டு பட்டைகள். பக்கத்தில் பக்கத்தில், ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி, ஒரே உயரம். நூலகர் எழுந்து, "இடது நீலம். வலது பச்சை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் என்ன செய்வார் பாவம். எது இடது, எது வலது என்பதில் இனி என்ன இருக்கிறது?

வகுப்புக்கு வந்தவர்களும் வராதவர்களும் ஒன்றுதான். என் மனைவி திரையைப் பார்த்தாள். பிறகு மைக்கில் தெளிவாகச் சொன்னாள், "ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல." ஒரு சாக்கு சொல்லவில்லை, தொண்டையைக்கூடச் செருமவில்லை. எனக்கு மைக்கை அணைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். அவருடைய முழங்கை மைக் மேல் இருந்தது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது என் ஹெட்போனில் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

கத்தரி எழுந்தார். "நேர்மையா சோதிச்சதுக்கு நன்றி. அப்ப முடிவு..."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. முயல்களை வைத்து ஆராய்ச்சி செய்கிற பெண். கருத்தரங்குகளில் அவள் பேசினால் ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டினாலும் போதாது. நானாக அவளுக்கு முணுமுணு என்று பெயர் வைத்திருந்தேன். அவள் என்னவோ சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை. "கேள்வி நேரம் இல்லம்மா" என்றார் கத்தரி. நான் கம்பியில்லா மைக்கை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். கை தூக்கினவருக்கு மைக் கொடுப்பது என் வேலை. கேள்வி நேரம் இருக்கிறதா இல்லையா என்பது என் இலாகா இல்லை. அவள் கையில் கொடுத்தேன். "வாய்கிட்ட வெச்சுப் பேசும்மா" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கூட்ட அறைக்குத் திரும்பி ஓடினேன்.

"மேடம், நான் பச்சை" என்றாள். குரல் நடுங்கியது. "நான் உங்க வகுப்புக்கு ஒரு நாள்கூட வந்ததில்ல. என் ரூம்மேட் நீலம். நீங்க குறிப்பைக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்கன்னு அவ குடுக்கல. ஆனா சாப்பிடறப்ப, துணி மடிக்கறப்ப, எப்பவும் அதையேதான் பேசுவா. என் முயல் திட்டத்தைக் காட்டினேன். எதுக்கு இத்தனை முயல், யார் அளக்கிறா, கூண்டு எங்க இருக்குன்னு கேட்டுக் கேட்டு மூணு தடவை திருப்பி எழுத வெச்சா. பக்கத்து ரூம்லயும் இதே கதைதான்." ஒரு மூச்சு விட்டாள். "களிம்பு எலி கதையும் அவதான் சொன்னா. மேடம், நாங்க அந்த எலிங்க. எங்களை ஒரே கூண்டுல வெச்சிட்டீங்க."

அரங்கில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும், என் ஸ்பீக்கரில் அதைவிட நன்றாகவே கேட்டிருக்கும்.

என் மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறாள். தோள் குலுங்கச் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னோடது" என்றாள். "வருஷா வருஷம் அந்தக் கதையைச் சொல்றேன். என் சோதனைக்கு வந்தப்ப ஹாஸ்டல் ஒரு கூண்டுன்னு எனக்குத் தோணல."

கத்தரி மாணவர்கள் பக்கம் திரும்பினார். "பச்சைச் சீட்டுக்காரங்கள்ல எத்தனை பேர் இப்படிக் கேட்டுக் கத்துக்கிட்டீங்க?" முதலில் நாலைந்து கை. பிறகு வரிசை வரிசையாக எழுந்தன. எழாத கையை எண்ணிவிடலாம்.

"அப்ப வகுப்பு வேலை செஞ்சிருக்கு. அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன்.

"அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றாள் என் தர்மபத்தினி. "ரெண்டு பேருமே கத்துக்கிட்டிருக்கலாம். ரெண்டு பேருமே கத்துக்காமலும் இருக்கலாம், இந்த வருஷப் பசங்களே கெட்டிக்காரங்களா இருக்கலாம். முடிவு தெரிஞ்சப்புறம் கையைத் தூக்கறதை ஆதாரம்னு எடுத்துக்கக் கூடாது. என் சோதனை எதையுமே சொல்லல. அதுதான் உண்மை."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல வேளை, அறையில் மைக் இல்லை.

கத்தரி திரும்பித் திரையில் இருந்த இரண்டு பட்டைகளையும் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் விலங்கு அறையில் கிடந்தவர்தான். பிறகு சொன்னார், "எதையுமே சொல்லாத சோதனையை வெச்சு வகுப்பைத் தொடரவும் முடியாது, மூடவும் முடியாது. மூடறதுக்கும் ஆதாரம் வேணும். சரியான சோதனை வர்ற வரைக்கும் வகுப்பு நடக்கட்டும். அடுத்த தடவை யாரை எங்க பிரிக்கறது?"

என் மனைவி பின்வரிசையைக் காட்டினாள். "அந்தப் பொண்ணைக் கேளுங்க சார். அவதான் திட்டம் போடப் போறா."

முணுமுணு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ரூம் ரூமா பிரிச்சாலும் மெஸ்ல கலந்துருவோம் சார். நமக்கு மத்த ஊர்ல கிளை நிலையங்கள் இருக்கே. பசங்களைக் குலுக்கக் கூடாது. நிலையத்தை மொத்தமா குலுக்கணும்." இந்த முறை நான் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. சிரித்த அந்தப் பேராசிரியர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது இவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்குப் புரியவில்லை. "நிரூபிக்க முடியலன்னு ஊரறியச் சொல்லிட்டு வந்திருக்கே. இவ்வளவு குஷி எதுக்கு?"

"ஏங்க, என் தப்பை எத்தனை பெரிய பெரிய ஆளுங்க பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நானும் பார்த்தேன். யாருக்கும் தெரியல. என் வகுப்பு வாசலையே மிதிக்காத பொண்ணு கண்டுபிடிச்சுட்டா. பயந்துக்கிட்டே எழுந்து நின்னு என் முகத்துக்கு நேரா சொல்லிட்டா. இனிமே அவ கையில ஒரு முயல் வீணா போகுமா?"

"அதை மட்டும் ஆதாரம்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன், குத்தலாகத்தான்.

"கூடாது" என்றாள். "ஆனா சந்தோஷப்படலாம்."

சாப்பிட்டு முடித்ததும், "அந்தப் பதிவு உங்க போன்ல இருக்கா?" என்று கேட்டாள். தன் குரலைக் கேட்கவே பிடிக்காதவள். அந்தப் பெண் பேசிய இடத்தை மட்டும் போடச் சொன்னாள். போட்டேன். நடுங்குகிற குரலில், "நாங்க அந்த எலிங்க" என்று வந்ததும் மகள் கைதட்டினாள். இவள் இன்னொரு முறை போடச் சொன்னாள். மகள் வழக்கம்போல டின்னைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் அதை வாங்கி மூடிவைத்துவிட்டுப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போனேன். குழாயை மெதுவாகத் திறந்து வைத்துக் கழுவினேன், கூடத்தில் அந்தப் பெண் மூன்றாவது முறை பேசிக்கொண்டிருந்தாள்.